45 பட்டம் வென்றும் சங்கத்தை விட்டு விலகிய ஹகுஹோ: சுமோ உலகில் என்ன நடந்தது?

சுமோ வரலாற்றிலேயே அதிக பட்டங்களை வென்றவர் ஹகுஹோ. 2025 ஜூன் 9-ம் தேதி அவர் ஜப்பான் சுமோ சங்கத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 40. சங்கத்தில் பயிற்சியாளர்களின் ஓய்வு வயது 65. இன்னும் 25 வருஷம் இருக்க வேண்டியவர் ஏன் போனார்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு சுமோ வீரரின் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதை முதலில் பார்க்கணும்.

முதல் 70 பேருக்குத்தான் சம்பளம்

தொழில்முறை சுமோவில் 600 பேர் வரை இருக்கிறார்கள். ஆறு அடுக்குகள். மேலே உள்ள இரண்டு அடுக்குகளில் இடம் பிடிக்கும் 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம். மற்றவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சிறு உதவித்தொகை, அவ்வளவுதான். சமையல், துப்புரவு, சீனியர்களுக்குப் பணிவிடை எல்லாம் ஜூனியர்கள் தலையில்தான். எல்லோரும் 'ஹெயா' எனப்படும் பயிற்சிக்கூடங்களிலேயே சேர்ந்து வாழ்வார்கள்.

வருஷத்துக்கு 6 பெரிய போட்டிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் தரவரிசை மாறும். தோற்றால் கீழே இறங்கணும். உச்சத்தில் இருக்கும் 'யோகோசுனா'வுக்கு மட்டும் பதவி இறக்கம் கிடையாது. சரியாக ஆட முடியவில்லை என்றால் ஓய்வு பெறுவதுதான் ஒரே வழி.

62 கிலோ சிறுவன் யோகோசுனா ஆன கதை

மங்கோலியாவின் உலான்பாத்தரில் பிறந்தவர் ஹகுஹோ. அப்பா, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர். 15 வயதில் ஜப்பான் வந்தபோது ஹகுஹோவின் எடை சுமார் 62 கிலோதான். இவ்வளவு ஒல்லியான பையனை எந்தப் பயிற்சிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்ப வேண்டிய கடைசி நேரத்தில்தான் மியாகினோ பயிற்சிக்கூடம் கதவைத் திறந்தது.

2001-ல் களம் இறங்கியவர், 2007-ல் 69-வது யோகோசுனா ஆனார். 2010-ல் தொடர்ந்து 63 வெற்றிகள். 2021-ல் ஓய்வு பெற்றபோது கணக்கில் 1,187 வெற்றிகள்.

2010-ல் சூதாட்டப் புகார், 2011-ல் போட்டிகளை 'பேசி வைத்து' ஆடிய விவகாரம் என சுமோவே ஆட்டம் கண்ட நேரம் அது. அப்போது ஒரே யோகோசுனாவாக நின்று கூட்டத்தை அரங்குக்கு இழுத்தவரும் இவர்தான்.

அப்போ பிரச்னை எங்கே?

ஓய்வுக்குப் பிறகு சங்கத்தில் நீடிக்க 'மூத்தவர்' என்ற பதவி வேண்டும். மொத்தம் இருப்பது 105 இடங்கள். ஜப்பான் குடியுரிமையும் கட்டாயம். அதற்காகவே 2019-ல் ஹகுஹோ மங்கோலியக் குடியுரிமையைக் கைவிட்டார்.

ஆனால் அவர் மீது சங்கத்துக்கு வருத்தம் இருந்தது. எதிராளியின் முகத்தில் அறைந்து ஆட்டத்தைத் தொடங்குவது, முழங்கையால் மோதுவது, நடுவர் தீர்ப்பை எதிர்ப்பது எல்லாம் யோகோசுனாவின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்ற விமர்சனம் தொடர்ந்தது. டைஹோ, கிடனோஉமி, டகனோஹனா ஆகிய ஜாம்பவான்களுக்குக் கிடைத்த சிறப்பு மூத்தவர் அந்தஸ்து, அவர்களை விட அதிக பட்டம் வென்ற இவருக்குக் கிடைக்கவில்லை. விதிகளையும் மரபையும் மதிப்பேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே மூத்தவர் ஆக முடிந்தது.

2022-ல் மியாகினோ கூடத்தின் தலைமை அவரிடம் வந்தது. 2024-ல் அங்கிருந்த வீரர் ஒருவர் ஜூனியர்களைத் தொடர்ந்து அடித்துத் துன்புறுத்தியது வெளியே வந்தது. கண்காணிக்கத் தவறியதாக ஹகுஹோவின் பதவி இரண்டு படி குறைக்கப்பட்டது. கூடமும் மூடப்பட்டது. வீரர்களோடு சேர்ந்து அவரும் இசேகஹமா கூடத்துக்கு மாற்றப்பட்டார். கூடம் மறுபடி எப்போது திறக்கும் என்பதற்குத் தேதியே சொல்லப்படவில்லை. அவர் விலகிய அதே நாளில், வயதில் இளையவரான முன்னாள் யோகோசுனா டெருனோஃபுஜி இசேகஹமாவின் தலைவரானார்.

வெளிநாட்டவர் என்பதால்தானா?

அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. டெருனோஃபுஜியும் மங்கோலியாவில் பிறந்தவர்தான். இன்னொரு மங்கோலிய முன்னாள் யோகோசுனா ககுர்யுவும் தனிக் கூடம் நடத்துகிறார். அடிதடி விஷயத்தில் சங்கம் கண்டிப்பு காட்டியதும் நியாயம்தான். ஜூனியர்கள் அடி வாங்கிய பிறகு, தலைவரின் பட்டக் கணக்கைப் பார்த்து விட்டுவிட முடியாது.

ஆனால் தண்டனைக்கு முடிவுத் தேதி இல்லாததுதான் கேள்வியை எழுப்புகிறது. களத்தில் வெற்றி தோல்வி சில நொடிகளில் தெரிந்துவிடும், அதை யாரும் மாற்ற முடியாது. ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையோ சங்க நிர்வாகத்தின் நம்பிக்கையை வைத்துத்தான் நடக்கிறது. ஹகுஹோ முதல் பாதியில் ஜெயித்தார், இரண்டாம் பாதியில் அந்த நம்பிக்கையைப் பெற முடியவில்லை.

அடுத்து என்ன?

சங்கத்துக்கு வெளியே நின்று சுமோவை உலக அளவில் கொண்டுபோகப் போவதாக ஹகுஹோ சொல்கிறார். 2010 முதலே சிறுவர்களுக்காக 'ஹகுஹோ கோப்பை' நடத்தி வருபவர் என்பதால் அனுபவம் இருக்கிறது. சங்கத்துக்கும் இப்போதைக்கு நட்சத்திரப் பஞ்சம் இல்லை. 2025-ல் மட்டும் மங்கோலியாவின் ஹோஷோர்யு, ஜப்பானின் ஓனோசாடோ என இரண்டு புதிய யோகோசுனாக்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் களத்தில் ஹகுஹோ கற்ற வித்தையைச் சங்கத்துக்குள் இருந்து கற்றுக்கொடுக்க இனி அவர் இருக்க மாட்டார்.