கந்தளாயில் இறங்குங்கள்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் நிலாவெளியில் குளித்து, புறாத்தீவுக்குப் படகேறி, கோணேசரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். மலையையும் கடலையும் கண்டவர்கள் குளத்தை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கொழும்பு வீதியிலேயே கந்தளாய்க் குளம் விரிந்து கிடக்கிறது. அதைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்பது தமிழர் மரபு. சிங்கள மரபு அதை அநுராதபுர அரசர்களோடு சேர்க்கும். யார் கட்டியதானாலும் அந்த நீரில்தான் தம்பலகாமத்து வயல்கள் விளைகின்றன, அந்த விளைச்சலில்தான் கோணேசர் கோயிலின் பூசை நடந்தது என்கின்றன கோயில் ஏடுகள். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியபோது, காப்பாற்றப்பட்ட மூர்த்திக்கு இடம் கொடுத்ததும் தம்பலகாமம்தான். அந்த ஆதிகோணேஸ்வரம் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் அந்த அணைக்கட்டில் நின்று நினைக்க வேண்டும். குளத்திலிருந்து வயல், வயலிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கடல் என்ற வரிசையில் பார்த்தால்தான் இந்த மாவட்டம் பிடிபடும். சுற்றுலாத் துறை இந்த வழியை ஒரு முழுநாள் பயணமாக அறிவிக்க வேண்டும். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் புகையிரத நிலையங்கள் ஏற்கனவே உள்ளன.