தலை சாய்ந்த முயலும் அறிந்து காக்கும் அன்பும்



இந்த வாரம் ஒரு முயலைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். போதகர் எழுதவேண்டிய பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். மூன்று மாதங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் நம்முடைய ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவள் தன் தாயாரோடு ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். உள்ளே ஒரு வெள்ளை முயல். அதன் தலை ஒரு பக்கமாய் முற்றிலும் சாய்ந்து, ஒரு கண் தரையையும் மறு கண் வானத்தையும் நோக்கியிருந்தது. விழிகள் இடமும் வலமுமாய் ஓயாமல் துடித்தன. எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் அது உருண்டுபோய்ப் பெட்டியின் சுவரில் மோதியது. முந்தின நாள் மாலைவரை நன்றாய் இருந்ததாம்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் பக்கவாதம் என்றார். மற்றொருவர் கழுத்து முறிந்துவிட்டது என்றார். நானோ சற்றும் யோசியாமல் தாயாரிடம், "அம்மா, இது பிழைக்காது. வேதனைப்பட விடாமல் ஊசிபோட்டு முடித்துவிடுவதே இரக்கம். பிள்ளைக்கு வேறொன்று வாங்கிக் கொடுங்கள்" என்றேன்.

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இதற்கு என்ன நோய் என்று ஐயாவுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனைப்போல, அறியாத ஒன்றைக் குறித்து நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதற்கு இரக்கம் என்ற நல்ல பெயரையும் சூட்டியிருந்தேன்.

அன்றிரவு நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தைத் திறந்து பார்த்தேன். நீதிமான் தன் மிருகஜீவனிடத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதை அந்த வசனம் சொல்லுகிறது. எபிரெய மூலத்தில் அங்கே உள்ள வினைச்சொல்லுக்கு 'அறிதல்' என்பதே நேர்ப்பொருள். நீதிமான் தன் மிருகத்தின் உயிரை அறிந்திருக்கிறான். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில், அந்நியனுடைய நெஞ்சை இஸ்ரவேலர் அறிந்திருக்கிறார்கள் என்று சொல்லும்போதும் இதே வினைச்சொல் வருகிறது. இறையியல் கல்லூரியில் படித்த நாளில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இதன் பொருள் அந்த அட்டைப்பெட்டியின் முன்பாகத்தான் எனக்கு விளங்கியது.

மறுநாள் அவர்களோடு நானும் கால்நடை மருத்துவரிடம் சென்றேன். இந்தத் தலைச்சாய்வு தன்னிலே ஒரு நோயாகாது, உள்ளே இருக்கும் வேறொரு நோயின் அடையாளம் என்று அவர் விளக்கினார். உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. அங்கேயோ, அதோடு இணைந்த மூளைப்பகுதியிலேயோ கேடு நேர்ந்தால், உலகமே சுழல்வதுபோல் முயலுக்குத் தோன்றும். ஆகவே அது உருளுகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, நடுச்செவியிலும் உட்செவியிலும் பாக்டீரியாவினால் உண்டாகும் தொற்று. மற்றொன்று, 'என்செபலிட்டோசூன் குனிகுலி' என்னும் நுண்ணுயிர் ஒட்டுண்ணி. இது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நோயுற்ற முயலின் சிறுநீர் வழியாய் மற்ற முயல்களுக்குப் பரவும். முயல்களில் இதை 1922-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். அடிபடுதல், கட்டி முதலிய காரணங்களும் உண்டு.

இரத்தப் பரிசோதனை ஒரு வழிதான். ஆயினும் அது முடிவான சாட்சி சொல்லாது. நலமாயிருக்கும் பல முயல்களின் இரத்தத்திலும் இந்த ஒட்டுண்ணிக்கு எதிரான பொருள்கள் காணப்படும். ஆதலால் மருத்துவர் காதுகளைச் சோதித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார். ஒட்டுண்ணி என்று ஐயப்பட்டால் 'ஃபென்பெண்டசோல்' என்னும் மருந்தைப் பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். செவித்தொற்று என்றால் வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தத் தாயார், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் மருந்தை முயலுக்குக் கொடுக்க எண்ணிக் கையோடு கொண்டுவந்திருந்தார். மருத்துவர் பதறிப்போய்த் தடுத்தார். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாய்க் கொடுத்தால், முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுண்டாக்கும் கிருமிகள் பெருகி, அது மாண்டுபோகக்கூடும். அந்தத் தாயாரின் அன்பில் குறைவில்லை. அறிவு சேராவிட்டால் அந்த அன்பே கொன்றிருக்கும்.

தாயார் தையல் வேலைக்குச் செல்கிறவர்; மகள் பள்ளிக்குச் செல்கிறவள். ஆகவே பகல் முழுவதும் முயல் நம்முடைய குருமனையில் இருக்கட்டும் என்று என் துணைவியார் சொன்னார். ஆறு வாரம் அப்படியே இருந்தது. நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலாவது, அடிபடாத இடம். அகலமான பெட்டியில் மெத்தென்ற துணி விரித்து, பழைய துண்டுகளைச் சுருட்டி நான்கு புறமும் அணைகட்டினோம். அவற்றில் சாய்ந்துகொண்டதும் அது உருளுவது குறைந்தது. தூக்கும்போது திடீரென்று தூக்கலாகாது. மார்போடு அணைத்து, பின்னங்கால்களையும் தாங்கி, மெதுவாய்த் தூக்கவேண்டும். முயல் உதைத்துத் துள்ளினால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

இரண்டாவது, உணவு. இதுவே உயிர்நாடி. முயலின் குடல் ஓயாமல் இயங்கவேண்டும். ஏறத்தாழ அரை நாள் ஒன்றும் தின்னாமலிருந்தாலே அது அவசர நிலை. காய்ந்த புல்லையும் கொத்தமல்லித் தழையையும் வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்தோம். தழையை நீரில் நனைத்துக் கொடுத்ததால் தண்ணீரும் உள்ளே சென்றது. தானாகத் தின்னாத நாட்களில், முயல் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் ஓரத்தில் சிறிது சிறிதாய் ஊட்டினோம். அவசரப்பட்டு ஊட்டினால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். என் ஜெப நேரத்தைவிட அது நீண்டதாயிருந்த நாட்கள் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன்.

மூன்றாவது, தரையை நோக்கியிருக்கும் கண். அது துணியில் உராய்ந்து புண்ணாகிவிடும். மருத்துவர் தந்த சொட்டு மருந்தை நாள்தோறும் தவறாமல் விட்டோம். நான்காவது, சுத்தம். தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்ய இயலாத முயலுக்கு நாம்தான் அதைச் செய்யவேண்டும். ஈரத் துணியை மாற்றிக்கொண்டேயிருக்கவேண்டும். அந்த ஒட்டுண்ணி நோயெதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றிய மனிதரையும் தாக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பினால் கழுவவேண்டும்.

மூன்றாம் வாரத்தில் விழிகளின் துடிப்பு நின்றது. நான்காம் வாரத்தில் தானாக நின்று தின்றது. இப்பொழுது அது சிறுமியின் வீட்டில் இருக்கிறது. தலை இன்னும் சற்றே சாய்ந்துதான் இருக்கிறது. எப்போதும் அப்படியே இருக்கலாம் என்றார் மருத்துவர். ஓடும்போது நேராய் ஓடாமல் வளைந்து ஓடுகிறது. ஆனாலும் அவள் காலடிச் சத்தம் கேட்டவுடன் எழுந்து வாசலுக்கு வருகிறது. நான் முடித்துவிடச் சொன்ன உயிர் அது.

பிரியமானவர்களே, எல்லா முயலும் இப்படிப் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. தகுந்த மருந்தும் கவனிப்பும் கொடுத்தபின்பும் தின்ன மறுத்து, ஓயாமல் உருண்டு, வேதனையிலேயே கிடக்கும் உயிர்கள் உண்டு. அப்பொழுது மருத்துவரின் ஆலோசனையோடு அதை அமைதியாய் அனுப்பிவைப்பது மெய்யான இரக்கமே. அப்படிச் செய்த எவரும் குற்றவுணர்வு கொள்ளவேண்டியதில்லை. நான் கண்டிப்பது என்னுடைய அவசரத்தை. பார்ப்பதற்குக் கோரமாயிருக்கிறது என்பதனாலோ, பராமரிப்பது தொல்லை என்பதனாலோ, வேறொன்று மலிவாய்க் கிடைக்கும் என்பதனாலோ ஓர் உயிரைக் கைவிட்டுவிட்டு, அதை இரக்கம் என்று அழைக்கலாகாது. "இது பிழைக்குமா?" என்று கேட்பதற்கு முன்பு "இதற்கு என்ன நேர்ந்தது? அதை அறிந்தவர் யார்?" என்று கேட்பதே நம்முடைய கடமை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் பிள்ளைகள் கேட்டவுடன் முயல் வாங்கிக் கொடுக்கிறோம். நன்றாய்ப் பேணினால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுவரை வாழக்கூடியது. வேட்டையாடப்படும் பிராணி ஆகையால் தன் நோயை மறைத்துக்கொள்ளும். வெளியே தெரியும்போது நாள் கடந்திருக்கும். அது என்ன தின்னும், எதற்கு அஞ்சும், முயலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். அறிய நேரமில்லையென்றால், வாங்காமலிருப்பதே அந்த உயிருக்கு நாம் செய்யும் நன்மை.

நம் சபையில் நெடுநாளாய்ப் படுக்கையில் இருப்பவர்களைச் சந்திக்கும்போது "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு, "எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் உங்களுக்கு இலகுவாயிருக்கும்?" என்று நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் எனக்குப் புதியவை.

அந்தத் தாயாரிடமும் மகளிடமும் நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். சிறுமி சிரித்துக்கொண்டே, "முயலிடமும் கேளுங்கள், ஐயா" என்றாள். கேட்டேன்.

நம்முடைய கையில் ஒப்புவிக்கப்பட்ட ஒவ்வோர் உயிரையும் அறிந்து காக்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.