தனி ஆளா, ஜோடி ஆளா?

ஏற்காட்டில் காபிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. நவம்பர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் இங்கே எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "ஆள் கிடைச்சுதா?" என்ன கூலி, எந்த ஊர்க்காரன் என்றெல்லாம் விசாரிப்போம். வந்தவன் யாரோடு வந்தான் என்று கேட்பதில்லை. நம்ம இயற்கை விவசாயக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. மண்புழுவுக்கு மூடாக்குப் போடுகிறோம். ஜார்க்கண்டிலிருந்து வந்த பையனுக்கு மோட்டார் ரூம் மூலையில் ஒரு பாய் போடுகிறோம், அவ்வளவுதான்.

ஜான் ஸ்டைன்பெக் 1937ல் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்று ஒரு சின்ன நாவல். கலிபோர்னியாவில் பண்ணை பண்ணையாகக் கூலிக்கு அலைகிறவர்களின் கதை. நடக்கிற இடம் சோலெடாட் என்ற ஊருக்குப் பக்கம். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கே தனிமை என்று பொருள். ஜார்ஜும் லென்னியும் சேர்ந்து வேலைக்கு வருகிறார்கள். லென்னிக்கு யானை பலம், குழந்தை புத்தி. ரெண்டு பேர் ஒன்றாகச் சுற்றுவதே முதலாளிக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவன் கூலியை அவன் பிடுங்கிக்கொள்கிறானோ என்று. அதே பண்ணையில் குரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி லாயத்தை ஒட்டிய அறையில் தனியாகக் கிடக்கிறான். புத்தகம் வைத்திருக்கிறான், பேச ஆள் இல்லை.

இவர்களுடைய ஆசை பத்து ஏக்கர் நிலம். பழமரம், கோழி, பன்றி, முயல், முயலுக்குக் குதிரைமசால். ஒருங்கிணைந்த பண்ணையம் என்று நாம் பயிற்சி வைத்துச் சொல்லிக் கொடுக்கிற அதே சங்கதி!

கடன் மனுக்களிலேயே காலம் கழித்தவன் நான். அதனால் என் கண் கணக்குக்குத்தான் போனது. நிலம் 600 டாலர். வேலையில் ஒரு கையை இழந்த கிழவர் கேண்டி, நஷ்டஈடு, சேமிப்பு, அந்த மாதக் கூலி எல்லாம் சேர்த்து 350 போடுகிறேன் என்கிறார். மற்ற ரெண்டு பேரின் ஒரு மாதக் கூலி 100. ஆக 450, முக்கால் பங்கு கைக்காசு. கால் பங்கு காட்டினாலே கடன் கொடுத்தவர்கள் நாங்கள். கேண்டியிடம் பணம் இருந்தது, போக இடமில்லை. ஜார்ஜுக்கு இடம் தெரியும், பணமில்லை. ஒரு அறையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அது கணக்காக ஆகிறது. லென்னி தன்னோடு இருக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் ஜார்ஜ் நிலத்தையே விட்டுவிடுகிறான். கேண்டியின் பணம் அப்படியேதான் இருக்கிறது.

நம்ம பக்கத்துக் கதையும் உண்டு. டாக்டர் பி.எச். டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி பேச்சை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். கடனும் காய்ச்சலும் விடவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துத் தோட்டக்காரன் ஆளைக் குடும்பத்தோடு கொண்டுபோனான். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும் என்ற லாபக் கணக்குதான், கருணை இல்லை. இன்றைக்கு எங்கள் பக்கம் ஏஜென்ட் கூட்டிவருவது தனித் தனி இளைஞர்களை. ஆறு பேர் வந்தால் ஆறு தோட்டத்துக்குப் பிரித்துவிடுகிறான். மாலையில் செல்போன் டவர் கிடைக்கிற பாறை மேல் ஒவ்வொருவனாக ஏறி நிற்பதைப் பார்க்கலாம். கல்வராயன் மலை இளைஞர்களும் இப்படித்தான் குடகிலும் கேரளத்திலும் போய் நிற்கிறார்கள்.

"ஜோடியா விட்டா பேசிக்கிட்டே நிப்பான்" என்பார்கள். பழம் பறிக்கிறது கை. வாய் பேசினால் என்ன குறைந்துவிடும்?

"ரெண்டு ஏக்கர்க்காரன் ரெண்டு ஆளை வெச்சு என்ன பண்றது?" என்பது நியாயமான கேள்வி. அராபிகா ஒரே நாளில் சிவக்காது. மூன்று, நாலு சுற்றாகப் பறிக்க வேண்டும். தாழ்ந்த சரிவு முந்தும், மேல் சரிவு பிந்தும். அக்கம்பக்கத்தில் மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடியைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம். தங்க இடம் மட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும்: ஒழுகாத கூரை, கக்கூஸ், அடுப்பு, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. ஏஜென்ட் கையில் முன்பணம் கொடுக்கும்போதே "பிரிக்கக் கூடாது"ன்னு சொல்லிடணும். ஆள் வந்து இறங்கினப்புறம் சொன்னா அவன் காதுலயே வாங்கமாட்டான்.