வணிகம் வளரட்டும், உழைப்பவரும் வாழட்டும்

கடல் கடந்து வாணிகம் செய்வது நம் ஊருக்குப் புதிதன்று. முதலியார்பேட்டைக்குத் தெற்கே, அரிக்கமேட்டு ஆற்றங்கரையில் ரோமானியரின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்துள்ளன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி 'கினி' என்னும் பெயரோடு ஆப்பிரிக்காவின் செனகல் நாடுவரை சென்று, அங்குக் கோந்துக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. ஆகவே வெளிநாட்டு வாணிகம் வேண்டுமா, வேண்டாமா என்பது நம் கேள்வியன்று. அதில் உழைப்பவருக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நம் ஊர் வரலாற்றிலேயே விடை உண்டு. 1936 ஜூலை 30 அன்று, சங்கம் அமைக்கும் உரிமையும் வேலைநேரக் குறைப்பும் வேண்டிப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் உயிர் நீத்தனர். அத்தியாகத்தின் பயனாக 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

அன்று எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி வேலையை அனுமதித்தது. ஒரே சந்தையில் இரு ஆலைத் துணிகள். ஒன்று எட்டு மணி உழைப்பில் விளைந்தது, மற்றொன்று பத்து மணி உழைப்பில்! இத்தகைய போட்டி சமமாகுமா? இதைச் சமமாக்க இரண்டே வழிகள்: நம் தொழிலாளியைப் பத்து மணிக்குத் தாழ்த்துவது ஒன்று, அடுத்த ஊர்த் தொழிலாளியையும் உயர்த்துவது மற்றொன்று. 1946இல் பிரிட்டிஷ் இந்தியச் சட்டமும் வாரத்துக்கு 48 மணி என்று மாறியது. உயர்த்தும் வழியே சிறந்த வழி என்பதற்கு இதுவே சான்று.

"மலிவாகக் கிடைத்தால் ஏழைக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்பர். உண்மையே. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, ஆடை தைத்த ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். விலைச்சீட்டில் எழுதப்படாத விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

அதே வேளையில், நியாயத்தின் பெயரால் சுவர் எழுப்புவதும் தவறு. 1974 முதல் 2004 வரை, முப்பதாண்டுகள், பணக்கார நாடுகள் ஏழை நாட்டுத் துணிக்கு அளவு வரம்பு வைத்தன. நம் கடலூர் சாலையில் 1898இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரல் 30இல் மூடப்பட்டதற்கும் வெளியார் போட்டியை மட்டும் குறை கூற இயலாது. பழைய இயந்திரங்களும், 2011 டிசம்பரில் வீசிய தானே புயலின் சேதமும் அதை நலிவித்தன. போட்டிக்கு அஞ்சி ஒளிவதால் தொழில் வாழாது; புதிய கருவியும் பயிற்சியும் வேண்டும்.

நம் திருச்சபை இதில் தெளிவான வழி காட்டியுள்ளது. தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதனாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது என்று 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் போதித்தார். அதே நெறி நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகத்துக்கும் பொருந்தும் என்று 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விளக்கினார். வலியவனும் எளியவனும் ஒப்பந்தம் செய்யும்போது, சுதந்திரம் மட்டும் போதாது, நீதியும் வேண்டும்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக உடன்பாட்டில் தொழிலாளர் நலனுக்கெனத் தனி அத்தியாயமே இடம்பெற்றது. இது நல்ல தொடக்கம். எழுத்தில் உள்ளது ஆலை வாசலிலும் நடைபெற வேண்டும்.

தோழியரே! நாளை நம்மில் சிலர் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் பணிபுரிவோம். சிலர் அவற்றை நடத்துவோம். அனைவரும் துணி வாங்குவோம். எந்த நிலையில் இருந்தாலும், விலையைக் கேட்கும் அதே வாயால் உழைத்தவரின் நேரத்தையும் கூலியையும் பாதுகாப்பையும் கேட்போமாக. எட்டு மணி நேர வேலைக்காகப் பன்னிருவர் உயிர் கொடுத்த மண்ணில் பயிலும் நமக்கு அது கடமையாகும்.