கல்லமேட்டு எலும்புகளும் நம் பதிவேடுகளும்

பூமியில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியது எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டின் பெயர் அடிபடுகிறது. யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்ட டைனோசரின் கணைக்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். முதலில் அது ஊனுண்ணியாகக் கருதப்பட்டது. பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் வரிசைக்கு மாறியது. எடை 100 டன்னைத் தாண்டும் என்கிறது 2023இல் வந்த ஒரு மதிப்பீடு. ஆனால் சரிபார்க்க எலும்பு இல்லை.

மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும் களிமண்ணும் மணலும் கலந்த படிவில் கிடந்தவை அந்த எலும்புகள். பிளாஸ்டர் உறைக்குள் இருக்கும்போதே நொறுங்கத் தொடங்கிவிட்டன. மூலக் கட்டுரையில் இருந்தவை கோட்டோவியங்கள்தாம். அவை எலும்பே அல்ல, கல்மரத் துண்டுகளாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் ஐயுற்றார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கும் வட்டாரத்தில் அந்த ஐயத்தை அபத்தம் என்று தள்ளவும் முடியாது. களத்தில் எடுத்த நிழற்படங்கள் 2022இல் வெளிவந்த பிறகே அது எலும்புதான் என்ற தரப்புக்கு வலுக் கூடியது. அன்றைய களக்குழுவைக் குறை சொல்வது எளிது. அதே மண்ணில் இன்று ஓர் எலும்பு தலைகாட்டினால் கெட்டிப்படுத்தும் பிசினோடும் படக்கருவியோடும் எத்தனை பேர் போய் நிற்போம் என்பதே என் கேள்வி.

பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்த இந்த அடுக்குகள் கிரிட்டேசியஸ் கடல் ஏறியதையும் இறங்கியதையும் ஏறத்தாழ இடையறாமல் காட்டுபவை. இங்கிருந்து போன அமோனைட்டுகளையும் சிப்பிகளையும் ஸ்டோலிச்கா பெருந்தொகுதிகளாக விவரித்தார். காரையின் அரிநிலத்தில் இன்றும் பெலம்னைட்டுகள் காலில் இடறுகின்றன. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி அந்த இடத்துக்கு இருக்கிறது. வேலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

நம் உண்மையான ஆய்வுக்களம் வேறு: கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காய்ச் செறிந்த அந்தப் பாறைதான் சிமென்ட் ஆலைகளின் மூலப்பொருள். வெடி வைக்காவிட்டால் அவ்வளவு தெளிவான குறுக்குவெட்டு நமக்குக் கிடைத்திருக்காது. அடுத்த வெடியில் அதுவும் போய்விடும். சுரங்கப் புவியியலாளர் பெஞ்சுவாரியாகச் சுண்ணச் சத்து விழுக்காட்டைக் குறித்துவைக்கிறார். அதே தாளில் சிப்பி அடுக்கின் தடிமன், மேல்கீழ்த் தொடர்பு, அளவுகோலுடன் ஒரு படம் என்று மூன்று வரி கூடினால் அவருக்குப் பத்து நிமிட வேலை. பல்கலைக்கழகங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். சுரங்கம் நம்மைத் தேடி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியபோது, அவை கனிமத் திரளைகள் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. ஊர்மக்களின் ஆர்வத்தில் தவறில்லை. முதல் நாளே அங்கே போய் ஒரு கல்லை உடைத்துக் காட்ட நம்மில் ஒருவர் இருந்திருக்கலாம்.

இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை ‘அரியலூர் அருகே சேகரித்தது’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. எந்த அடுக்கு என்று தெரியாத அமோனைட்டு மேசை அலங்காரத்துக்கு உதவும், காலக்கணிப்புக்கு உதவாது. எனவே அடுத்த இதழ் முதல் மூன்று தகவல்கள் இல்லாத கட்டுரைகள் மதிப்பாய்வுக்கே அனுப்பப்படமாட்டா: அடுக்கின் இடம் காட்டும் நெடுவரைபடம், புவி ஆயத்தொலைவு, மாதிரி இருக்கும் பொதுக் காப்பகத்தின் பதிவு எண். ஆயத்தொலைவு அச்சில் வராது. திருட்டுக்கு வழிகாட்ட விருப்பமில்லை. அது ஆசிரியர் குழுவின் கோப்பில் இருக்கும். சொந்த அலமாரியில் மாதிரிகளை வைத்திருப்பவர்கள் அவற்றை முதலில் ஒரு பொதுக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டுக் கட்டுரையை அனுப்பலாம்.