இரண்டாவது நோட்டீஸ் என்ன பாவம் செய்தது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க் முடிந்து சரக்கு போய்விட்டது. கையில் வந்தது ஒரு செக். வங்கியில் போட்டால் "கணக்கில் போதிய பணம் இல்லை" என்ற மெமோவோடு திரும்பி வருகிறது. வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பினால் இரண்டே நாளில் போன்: "அண்ணே, நமக்குள்ள நோட்டீஸெல்லாம் எதுக்குண்ணே? அடுத்த மாசம் பத்தாம் தேதி செக்கைத் திரும்பப் போடுங்க, பாஸாயிடும்."

பட்டறைக்காரர் காத்திருப்பார். வேறென்ன செய்ய? நாளைக்கும் ஆர்டர் வேண்டுமே! பத்தாம் தேதி செக் மறுபடி திரும்புகிறது. மறுபடி ஒரு நோட்டீஸ். இப்போது எதிர்த்தரப்பு சீறும்: "ஒரே செக்குக்கு ரெண்டு நோட்டீஸா? இது செல்லாது!"

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சு 14 வருடம் சட்டமாகவே இருந்தது. செக் மோசடிக்கான 138-ஆவது பிரிவு 1989-இல் நடைமுறைக்கு வந்தது. செக் திரும்பிய தகவல் வந்ததும் குறித்த நாட்களுக்குள் (முதலில் 15, இப்போது 30) நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. 1998-இல் சதானந்தன் பத்ரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: செக்கை எத்தனை முறையும் போடலாம், ஆனால் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் வழக்குக்கான காரணம் ஒரே முறைதான் பிறக்கும். அந்த ஒரு மாதத்தை விட்டால் அவ்வளவுதான்.

அதாவது, "பாவம், கொஞ்சம் டைம் கொடுப்போம்" என்று இரங்கியவருக்குத் தண்டனை. டைம் கேட்டு ஏமாற்றியவருக்குப் பரிசு. இதைவிடத் தலைகீழாக ஒரு சட்டத்தைப் படிக்க முடியுமா?

இதைத் திருத்திய வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் நிறுவனத்துக்கு 1996-இல் 10 லட்ச ரூபாய்க்கு நான்கு செக்குகள். திரும்பின. நோட்டீஸ் போனது. பணம் ஏற்பாடு செய்வதாக உறுதி வந்தது. 1997 ஜனவரியில் மறுபடி போட்டார்கள், மறுபடி திரும்பின. இரண்டாவது நோட்டீஸ், வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் காட்டித் தள்ளிவிட்டது. 2012 செப்டம்பர் 26 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. செக் செல்லும் காலத்துக்குள் மறுபடி போட்டு, மறுபடி திரும்பி, மறுபடி நோட்டீஸ் அனுப்பினால், அது புதுக் குற்றமே. சட்டத்தில் எங்கும் தடை இல்லை.

"அப்படியானால் தொல்லை கொடுக்க நோட்டீஸாக அனுப்பித் தள்ளலாமே?" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. செக்கை மறுபடி போடாமல் காகிதத்தை மட்டும் மறுபடி அனுப்பினால் காலக்கெடு நீளாது. மறுபடி போட்டாலும் 30 நாள் கணக்கு உண்டு. 2013-இல் கம்லேஷ் குமார் வழக்கில் இரண்டாவது நோட்டீஸ் தாமதமாகப் போனதால் வழக்கே விழுந்தது. முதல் நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்து, இன்னொன்று அனுப்பினால்? அது வெறும் நினைவூட்டல், வழக்கைக் கெடுக்காது என்று 2017-இல் பரமேஸ்வரன் உண்ணி வழக்கில் தீர்ந்தது. (கதவைச் சாத்திக்கொண்டு தபால்காரரை அனுப்பிவிடும் புண்ணியவான்கள் கவனிக்க!) தவிர, நோட்டீஸ் தொல்லை என்பவரிடம் அதை நிறுத்தும் மருந்து இருக்கிறது: 15 நாளில் பணத்தைக் கட்டுவது.

இதுவரை நல்ல செய்தி. ஆனால் தீர்ப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 2012 ஏப்ரல் 1 முதல், ரிசர்வ் வங்கி செக்கின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டது. செக்கைப் பணம் போலக் கைமாற்றிப் புழங்குகிறார்கள் என்பது காரணம். 138-ஆவது பிரிவில் இன்றும் "ஆறு மாதம் அல்லது செக் செல்லும் காலம், எது முந்தியதோ அது" என்றுதான் இருக்கிறது. நாடாளுமன்றம் கொடுத்த ஆறு மாதம் ஏட்டில் கிடக்க, ஒரு சுற்றறிக்கை அதைப் பாதியாக்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1 தேதியிட்ட செக். முதல் வாரம் திரும்பி, நோட்டீஸ் போய், 15 நாள் கழிந்தால் ஜனவரி கடைசி. அந்த நோட்டீஸை வைத்து வழக்குப் போட பிப்ரவரி கடைசி வரைதான் நேரம். "ஒரு மாசம் பொறுங்கண்ணே" என்றதற்குப் பொறுத்தால் அதுவும் போச்சு. மார்ச்சில் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அதையும் "மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க, ஏப்ரல் முதல் வாரம் நானே நேர்ல வர்றேன்" என்று தள்ளிவிட்டால் செக் வெறும் காகிதம். மிச்சம் சிவில் வழக்கு. பூந்தமல்லி கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கலாம், பட்டறையை யார் பார்ப்பது?

செக்கைக் கைமாற்றிப் புழங்குபவர்களைத் தடுக்க வேண்டுமானால் அவர்களைத் தடுக்கட்டும். 138-ஆவது பிரிவின் கீழ் வழக்குப் போடுவதற்கு மட்டுமாவது, எழுதியவரின் கணக்கில் மறுபடி போட்டுப் பார்க்க அந்த ஆறு மாதத்தைத் திருப்பிக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?