கூச்சம் காப்பாற்றுமா?

விதைக்கும் முன்பே விதைநேர்த்தி செய்கிறவர் திருத்துறைப்பூண்டி விவசாயி. நோய் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் தயக்கம்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது 1986-ல், நம்ம சென்னையில்தான்! கண்டறிந்தவர்கள் டாக்டர்கள் சுனிதி சாலமன், நிர்மலா.

இன்று பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே எய்ட்ஸ் பாடம் இருக்கிறது. "வீட்ல படிச்சுக்குங்க" என்று வாத்தியார் பக்கத்தைப் புரட்டிவிட்டால்? பையன் டீக்கடையில் கேட்பான். அங்கே கிடைப்பது அரைகுறைக் கதை!

தொட்டால் பரவாது. கொசு கடித்தாலும் பரவாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசி, கிருமியுள்ள ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு... வழி இவ்வளவுதான். ஆணுறை தடுக்கும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்.

இதைச் சொல்ல ஒரு பீரியடு போதும். கூச்சத்தை விடுங்க, பாடத்தை நடத்துங்க!